கணினியிற் களையெடுத்தல்

நிலத்திற் களையெடுக்கும் விதத்தை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொல்லையிற் கோரை முளைத்தால் மேலே தெரியும் புல்லை மட்டும் கிள்ளி எறிபவனைக் கண்டு ஊரார் நகைப்பர். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு சில நாளிலேயே மறுபடியும் தலைகாட்டும் என்பது வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் அதே அங்கத்தினர்களின் சங்க அலுவலகத்தில், மேசைமேல் இருக்கும் கணினியைப் பொறுத்தமட்டில், புல்லைக் கிள்ளுகிற வேலையே பெரும்பாலும் நடைபெற்று வருகிறது. வேண்டாத செயலி ஒன்று திரையிற் காணப்பட்டால், அதன் சிறு படத்தைப் பிடித்துக் குப்பைத் தொட்டியில் இட்டுவிட்டு, "நீக்கியாயிற்று" என்கிறார்கள். அந்தப் படம் செயலியன்று; செயலி இருக்குமிடத்தைக் காட்டும் பெயர்ப்பலகை மட்டுமே. பலகையைக் கழற்றியதனால் கடை மூடப்பட்டதாகாது.

காவலூர் என்றவுடன் வெளியூராருக்கு நினைவு வருவது வைணு பாப்பு வானாய்வகம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அவர்களால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வேண்டாத வெளிச்சம் சிறிதளவு புகுந்தாலும் விண்மீனின் ஒளி கெட்டுவிடும் என்பதனால், இருளைக் காப்பதே அவ்விடத்தில் ஒரு வேலையாக இருக்கிறது. அவ்வளவு நுட்பமான கருவிகள் உள்ள மலையிலும் அடிவாரத்திலும் நம் சங்கங்கள் வைத்திருப்பவை சாதாரணக் கணினிகளே. ஆனால் பயிர்க்கடன் பட்டுவாடா, நகைக்கடன் வட்டி, நெசவாளர் சங்கமாயின் நூல் வழங்கீடு, கூலிக் கணக்கு ஆகிய யாவும் இன்று அவற்றின் வழியே நடைபெறுகின்றன.

மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. முதலில் வகுக்கப்பட்ட அளவு 63,000 சங்கங்கள், ரூ. 2,516 கோடி. மலைவாழ் மக்களின் பெரும்பலநோக்குச் சங்கங்களும் இத்திட்டத்தில் அடங்கும். நாடு முழுவதற்கும் பொதுவான மென்பொருளை உருவாக்கும் பொறுப்பு நபார்டு வங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆக, இனிச் சங்கத்தின் பேரேடு அலமாரியில் மட்டும் இல்லை. பேரேடு இருக்கிற பெட்டிக்குள் வேறு என்னென்ன இருக்கின்றன என்று நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டுவது அவசியமாகிவிட்டது.

யான் பார்வையிடச் சென்ற ஒரு சங்கத்தில் (பெயர் வேண்டாம்) காலை 10 மணிக்குத் திறந்த கணினி கணக்குப் பக்கத்தைக் காட்டுவதற்கு 20 நிமிஷம் பிடித்தது. வரிசையில் நின்ற அங்கத்தினர்கள், "லைன் கிடைக்கவில்லை போலும்" என்று மலையைக் குறை கூறினர். திறந்து பார்த்தபோது மூன்று வைரஸ் தடுப்புச் செயலிகள் ஒன்றையொன்று தடுத்துக் கொண்டிருந்தன. அவற்றுள் இரண்டு தவணை முடிந்த மாதிரிப் பதிப்புகள். வானிலை காட்டும் செயலி ஒன்று, விளையாட்டு இரண்டு, பிடிஎஃப் மாற்றும் செயலிகள் நான்கு. ஒவ்வொன்றும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதற்காக இணைய இணைப்பை இழுத்துக்கொண்டிருந்தது. மலையில் கிடைப்பதோ நூலிழை போன்ற இணைப்பு. அதனை ஏழெட்டுப் பேர் பங்கிட்டால் சங்க வேலைக்கு என்ன மிஞ்சும்?

இவற்றை வேண்டுமென்று யாரும் கொண்டுவரவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியை இறக்கும்போது அதன் மடியிலேயே இரண்டு மூன்று வேறு செயலிகள் வந்துவிடுகின்றன. "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று படியாமல் அழுத்திக்கொண்டே போவது, பத்திரத்தைப் படியாமற் கைநாட்டு வைப்பதற்கு ஒப்பாகும். "கஸ்டம்" என்னும் வழியைத் தெரிந்தெடுத்தால், உடன் வருபவை இன்னின்னவை என்று காட்டும். அவற்றுக்கெதிரே இருக்கும் குறியை எடுத்துவிடலாம். புதிதாக வாங்கும் கணினியிலும் இத்தகையவை தயாரிப்பாளராலேயே ஏற்றி அனுப்பப்படுகின்றன.

இனி நீக்கும் முறையைக் கூறுவோம். விண்டோஸ் 11 கணினியில் "செட்டிங்ஸ்" என்பதைத் திறந்து, "ஆப்ஸ்", அதனுள் "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" என்ற பட்டியலுக்குச் செல்ல வேண்டும். விண்டோஸ் 10-இல் அதன் பெயர் "ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்". அதனினும் பழையதாயின் "கண்ட்ரோல் பேனல்" வழியாக "அன்இன்ஸ்டால் எ புரோகிராம்" என்னுமிடம். அங்கே செயலியின் பெயருக்கு நேரே "அன்இன்ஸ்டால்" என்பதை அழுத்தினால், அச்செயலி தன்னுடன் கொண்டுவந்த நீக்கும் கருவியே வேலையைத் தொடங்கும். எதை எங்கே வைத்தோம் என்பது அக்கருவிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஆகையால்தான் "புரோகிராம் ஃபைல்ஸ்" ஃபோல்டருக்குள் நேரே புகுந்து செயலியின் ஃபோல்டரை அழிப்பது தவறான வழியாகிறது. அழித்தால் நீக்கும் கருவியும் கூடவே அழிகிறது; பதிவேட்டிலுள்ள குறிப்புகளும் பின்னணியில் ஓடும் சேவைகளும் அப்படியே நின்றுவிடுகின்றன. பிறகு பட்டியலிற் பெயர் மட்டும் இருக்கும். அழுத்தினாற் பிழைச்செய்தி வரும். அந்நிலைக்கு வந்துவிட்டவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனமே "புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர்" என்றொரு கருவியை இலவசமாக வழங்கியிருக்கிறது.

நீக்கியபின் கணினியை அணைத்து மறுபடியும் தொடங்குதல் வேண்டும். உபயோகத்திலிருந்த சில கோப்புகள் மறுதொடக்கத்தின்போதே அழிகின்றன. பின்பு, மேற்புல் போய்க் கிழங்கு எஞ்சியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் "டாஸ்க் மேனேஜர்" திறக்கும். அதில் "ஸ்டார்ட்அப்" என்ற பக்கம், கணினி விழித்தெழும்போதே உடன் எழுபவை யாவை என்பதைக் காட்டும். நீக்கிய செயலியின் பெயரோ அதன் உறவினர் பெயரோ அங்கிருந்தால் வேர் இன்னும் இருக்கிறதென்று பொருள். அடுத்து "டாஸ்க் ஷெட்யூலர்". குறித்த நேரத்திற் செய்யவேண்டிய பணிகளின் அட்டவணை அது. சில செயலிகள் தாம் போகும்போது, நாள்தோறும் தம்மைத் திரும்ப அழைத்துவரும் ஆணை ஒன்றை அதில் விட்டுச் செல்கின்றன. உலவியில் ஒட்டிக்கொண்ட நீட்சிகள் தனி வகை. அவை செயலிப் பட்டியலில் வாரா. உலவிக்குள்ளேயே "எக்ஸ்டென்ஷன்ஸ்" என்னும் பக்கத்திற் சென்றே நீக்க வேண்டும். திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன" என்று பயமுறுத்தும் சீட்டுகள் பல, வைரஸும் அல்ல, செயலியும் அல்ல. எப்போதோ ஒரு வலைத்தளத்துக்கு "அலவ்" என்று அனுமதி கொடுத்ததன் விளைவு. உலவியின் "நோட்டிஃபிகேஷன்ஸ்" பகுதியில் அவ்வனுமதியைத் திரும்பப் பெற்றால் அன்றோடு நிற்கும். இதற்காகப் பணங்கொடுத்து யாரையும் வரவழைக்க வேண்டியதில்லை.

"புரோகிராம்டேட்டா", "ஆப்டேட்டா" என்று இரண்டு ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். செயலியின் அமைப்புகளும் தற்காலிகக் கோப்புகளும் அங்கே தங்குவதுண்டு. மறுபடியும் நிறுவினால் பழைய அமைப்புகள் உதவட்டும் என்றே அவற்றை விட்டுச் செல்கிறார்கள். எல்லாம் வஞ்சகம் என்று கொள்ளலாகாது. ஐயமறத் தெரிந்த பெயருள்ள ஃபோல்டரை மட்டும் அழிக்கலாம். "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++" என்று பட்டியலில் நாலைந்து வரிகள் காணப்படும். பலர் இதனை வேண்டாததென்று நீக்கிவிடுகின்றனர். அது பல செயலிகளுக்குப் பொதுவான அடித்தளம். அதைத் தொடலாகாது.

வைரஸ் தடுப்புச் செயலிகளின் வேர் மிக ஆழமானது. வெளியார் தம்மை எளிதில் நீக்கிவிடாதிருக்கும்படியே அவை அமைக்கப்பட்டிருக்கின்றன, அது நியாயமுங்கூட. எனவே நார்ட்டன், மெக்கஃபி போன்ற நிறுவனங்கள் தத்தம் செயலியை முற்றும் அகற்றுவதற்கென்று தனிக் கருவி வெளியிட்டுள்ளன. அதனை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறவேண்டும். பழையதை இவ்வாறு அகற்றிய பின்பே புதியதை நிறுவுதல் முறை.

வேர் எஞ்சுவதால் வேகம் குறைவது ஒன்றுதானா தீங்கு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்குச் சூப்பர்ஃபிஷ் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பரச் செயலி முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. உபயோகிப்பவர் பார்க்கும் பக்கங்களில் விளம்பரங்களைச் செருகுவது அதன் தொழில். பூட்டுக்குறியிட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் புகவேண்டி, தானே ஒரு மூலச் சான்றிதழைக் கணினியில் நாட்டியது. சான்றிதழ் என்பது சார்பதிவாளர் முத்திரை போன்றது. அம்முத்திரை இருந்தால், எதிரே இருப்பது மெய்யான வங்கிதான் என்று கணினி நம்பும். எல்லா மடிக்கணினிகளிலும் ஒரே இரகசியத் திறவுகோல் இருந்தது. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ராபர்ட் கிரஹாம் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் அத்திறவுகோலின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதைக் கொண்டு எவரும் போலி வங்கிப் பக்கத்துக்கு முத்திரையிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. பலர் அஞ்சி அச்செயலியை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்தனர். செயலி போயிற்று, சான்றிதழ் போகவில்லை! கள்ள முத்திரை கணினியிலேயே இருந்துகொண்டிருந்தது. பின்னர் லெனோவோ நிறுவனமே இரண்டையும் சேர்த்து அகற்றும் கருவியை வெளியிட்டது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துடனும் 32 மாநிலங்களுடனும் சமரசம் செய்துகொண்டு, மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் செலுத்தவும் இசைந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் துடைத்துத் தரும் "கிளீனர்" ஒன்றை வாங்கிவிடலாமே என்று தோன்றும். யான் இதனைப் பரிந்துரைப்பதில்லை. விண்டோஸின் உள்பதிவேடாகிய "ரெஜிஸ்ட்ரி"யைத் துப்புரவு செய்வதாகக் கூறும் கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அதில் எஞ்சும் சில வரிகளால் வேகம் குறைவதில்லை. தவறான வரியை அழித்தாலோ கணினியே எழாமற் போகலாம். அன்றியும், உலகெங்கும் பெயர்பெற்ற சிகிளீனர் என்னும் துப்புரவுச் செயலியின் 5.33 பதிப்பில் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் செப்டம்பர் 12 வரை விஷமிகள் தம் நச்சு நிரலைச் செருகி வைத்திருந்தனர். ஏறக்குறைய 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. களைக்கொட்டின் வழியே களைவிதை வந்த கதை இது.

சங்கங்களைப் பொறுத்தவரை இவையெல்லாவற்றினும் ஆபத்தானது, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியே. மலைமேலிருக்கும் சங்கத்துக்குப் பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு முறையும் பேருந்தேறி வருதல் இயலாது. ஆதலால் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் செய்து, திரையிற் தோன்றும் எண்ணைத் தொலைபேசியிற் கேட்டுக்கொண்டு, தம் ஊரிலிருந்தே பழுதை நீக்கிக் கொடுக்கின்றனர். செயலியிற் குற்றமில்லை; நல்ல உதவிதான். வேலை முடிந்தபின்பும் அது அங்கேயே இருப்பதுதான் குற்றம். சில இடங்களில் யாரும் அனுமதி கொடாமலே உள்ளே வரும்படி நிரந்தரக் கடவுச்சொல்லும் வைத்துவிட்டுப் போகிறார்கள். காரியதரிசி மாறிவிடுவார், பழுதுபார்ப்பவரும் மாறிவிடுவார், அந்தக் கடவுச்சொல் யார் யாருக்குத் தெரியும் என்பதை யாரும் அறியார். இவ்வகைச் செயலியை நிறுவச் செய்து மக்களின் வங்கிப் பணத்தைக் கவரும் மோசடி பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலேயே வங்கிகளை எச்சரித்தது. எனவே வேலை முடிந்த அன்றே அதனை நீக்கிவிட வேண்டும். அடுத்த முறை தேவைப்பட்டால் மறுபடி நிறுவ 5 நிமிஷம் போதும். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். இதிற் கடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் தொலைவாக்கும்.

நிற்க. வேண்டாதது என்று நாம் எண்ணுவது உண்மையில் வேண்டாததுதானா என்று தெளிந்த பின்னரே கையை வைக்க வேண்டும். இரண்டு இடங்களில் நம் சங்கங்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருத்தல் அவசியம்.

ஒன்று, பழைய கணக்குச் செயலிகள். டாலி ஈஆர்பி 9 நிறுவப்பட்ட கணினிகள் பலவற்றில், கணக்குகள் யாவும் அச்செயலியின் ஃபோல்டருக்குள்ளேயே "டேட்டா" என்ற உட்பிரிவில் இருப்பதுண்டு. பழைய பதிப்புத்தானே என்று ஃபோல்டரோடு அழித்தால், பல ஆண்டுக் கணக்கும் போகும். முதலில் அந்த "டேட்டா" ஃபோல்டரை வேறிரண்டு இடங்களிற் படியெடுத்து, அதிலொன்றை அலுவலகத்துக்கு வெளியே வைத்து, படி திறக்கிறதா என்று வேறு கணினியிற் சோதித்த பிறகே நீக்கத் தொடங்கலாம். உரிமத்தையும் முறைப்படி "சரண்டர்" செய்துவிட வேண்டும். இல்லாவிடில் புதிய கணினியில் அதே உரிமத்தை உபயோகிப்பதிற் சிக்கல் ஏற்படும். தணிக்கை முடியாத ஆண்டின் கணக்கைத் தொலைத்துவிட்டு, "செயலியை நீக்கினேன், கணக்கும் போயிற்று" என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணையில் எடுபடும் சமாதானமன்று. அவ்விசாரணையில் நஷ்டம் காணப்பட்டால் 87-ஆம் பிரிவின்கீழ்த் தண்டத்தீர்வையும் வரலாம்.

மற்றொன்று, தமிழ் எழுத்துருக்கள். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டதற்கு முன்பும், அதன் பின்பு பல்லாண்டுகளும், வானவில் போன்ற எழுத்துருக்களிலேயே நம் தீர்மானங்களும் கடிதங்களும் தட்டச்சாயின. அக்கோப்புகளில் உள்ளபடியே பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. "இப்போது யாரும் வானவில் உபயோகிப்பதில்லை" என்று அதனை நீக்கியவுடன் 15 ஆண்டுத் தீர்மானங்கள் ஒரே குழப்பமாகத் தோன்றும். கோப்புகள் அழியவில்லை; மறுபடி எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பும். ஆனால் வாங்கிய குறுந்தகடு எங்கே என்று தேடும்போதுதான் தொல்லை. பழைய தீர்மானங்களை யூனிகோடுக்கு மாற்றி, காகிதப் பிரதியோடு ஒப்புநோக்கிக் கையொப்பமிட்டு வைத்த பின்பு எழுத்துருவை விடுக்கலாம்.

அங்கத்தினர் வீடுகளிலும் கணினிகள் உள்ளன. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் நம் பிள்ளைகள் பெற்ற மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. இது சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய இந்திய இயங்குதளம். இதன் அடிப்படையான டெபியனில் நீக்குவதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. "ரிமூவ்" என்றால் செயலி போகும், அமைப்புக் கோப்புகள் தங்கும். "பர்ஜ்" என்றால் கணினிக்குப் பொதுவான அமைப்புக் கோப்புகளும் சேர்ந்து போகும். செய்வது இன்னதென்று ஒளிவின்றிச் சொல்லி, முடிவை உபயோகிப்பவரிடமே விட்டிருக்கும் இம்முறை யானறிந்தவற்றுள் நேர்மையானது. விண்டோஸ் செயலிகளுக்கும் இத்தகைய விதி இருந்திருப்பின் இக்கட்டுரை பாதியளவில் முடிந்திருக்கும்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் மத்திய அரசு டிக்டாக், யூசி பிரவுசர், ஷேர்இட், கேம்ஸ்கேனர் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. கடையிலிருந்து அவை எடுக்கப்பட்டனவேயன்றி, ஏற்கெனவே கைப்பேசியில் நிறுவப்பட்டவை தாமாக அகலவில்லை. அங்கத்தினரின் ஆதார் நகலைப் படமெடுக்க அன்று உபயோகித்த செயலி இன்றும் பழைய கைப்பேசியில் இருக்கக்கூடும். நீக்குமுன் அதிலுள்ள நகல்களையும் தேடி அழிக்க வேண்டும். தயாரிப்பாளரே ஏற்றி அனுப்பிய சில செயலிகளுக்கு "அன்இன்ஸ்டால்" என்பதே இராது. "டிஸேபிள்" என்று மட்டும் இருக்கும். அஃது உறங்கச் செய்வதேயன்றி நீக்குவதன்று. எனினும் இணைப்பை இழுப்பது நிற்கும்.

நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. தளவாடப் பதிவேட்டில் நாற்காலி, தராசு, இரும்புப் பெட்டி ஆகியவற்றை எழுதுகிறோம். கணினிக்குள் இருக்கும் செயலிகளுக்கும் அதே பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்: செயலியின் பெயர், நிறுவிய நாள், நிறுவியவர், எதற்காக, நீக்கிய நாள். தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கை மட்டும் உபயோகித்து, "அட்மினிஸ்ட்ரேட்டர்" கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையுடன் காரியதரிசியிடம் வைத்தால், கணினி முழுவதையும் பாதிக்கும் எச்செயலியும் அவர் அறியாமல் உள்ளே வருவது அரிது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டபடியால், பல சங்கங்கள் கணினியை மாற்றும் தறுவாயில் இருக்கின்றன. புதிய பெட்டி வந்திறங்கும் அன்றே, கணக்கு ஏற்றுவதற்கு முன்பு, அதன் செயலிப் பட்டியலை அச்சிட்டு இந்தப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். பழைய பெட்டியை ஏலத்துக்கு அனுப்புமுன் அதன் வன்தட்டைக் கழற்றி இரும்புப் பெட்டியில் வைத்து, அதற்கும் ஒரு வரி எழுதுக.